வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கிய பிறகு துன்பம் வந்தது. ஊசாவுக்கு விழுந்த அடி எங்களுக்கும் விழுந்ததா?

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றில் வசிக்கும், நாற்பது வயதைக் கடந்த சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறார். கடையின் பேரில் கடன் இருக்கிறது. வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும், சர்க்கரை நோயுள்ள 74 வயது மாமனாரும் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிய ஊழியர், கர்த்தருடைய பெட்டி (தேவ பிரசன்னத்தின் அடையாளமாக இஸ்ரவேலரிடம் இருந்த உடன்படிக்கைப் பெட்டி) மூன்று மாதம் தங்கியதால் பழைய ஏற்பாட்டில் வரும் ஓபேத்ஏதோமின் வீடு ஆசீர்வதிக்கப்பட்டதை எடுத்துச் சொல்லி, தங்கள் வீட்டைத் தேவ பிரசன்னத்துக்குத் திறந்துகொடுப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் கடன் தீரும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். இந்தச் சகோதரி அதை நம்பி, வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். முன்னறை பரிசுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதால், அங்கே கட்டில் போட்டுப் படுத்திருந்த மாமனாரைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். முன்னறையில் ஒரு மேசையின் மேல் சிவப்பு வெல்வெட் துணி விரித்துப் பெரிய வேதாகமம் வைக்கப்பட்டது. மகள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது மாதத்தில் கடையில் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. ஓர் இரவு மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. கூட்டத்துக்கு வரும் மூத்த பெண்மணி ஒருவர் வீட்டாரை விசாரித்து, மகள் மாதவிடாய் நாளில் அந்த வேதாகமத்தைத் துடைத்து எடுத்து வாசித்தாள் என்பதைக் கண்டுபிடித்து, "ஊசா பெட்டியைத் தொட்டதுபோல இவள் தொட்டுவிட்டாள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டியைத் தொட்டு அங்கேயே செத்தவன் ஊசா. அன்றுமுதல் அந்தப் பிள்ளை வேதாகமத்தின் பக்கமே போவதில்லை, அடிக்கடி கைகழுவுகிறாள், இரவில் விழித்துக்கொண்டு அழுகிறாள். தடை நீங்க ஐம்பதாயிரம் ரூபாய் விதைக் காணிக்கை (ஆசீர்வாதத்தை அறுவடை செய்யலாம் என்று சொல்லி விதைபோலக் கேட்கப்படும் பணம்) கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தை நடத்துபவர் சொல்ல, கணவருக்குத் தெரியாமல் தம் கழுத்துச் சங்கிலியை அடகுவைக்கச் சகோதரி எண்ணியிருக்கிறார். தேவன் எங்கள்மேல் கோபமாக இருக்கிறாரா, கூட்டத்தை நிறுத்தினால் ஆசீர்வாதம் வீட்டைவிட்டுப் போய்விடுமா, காணிக்கையைக் கொடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

ஆலோசனை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான பதிலை எந்த விளக்கத்துக்கும் முன்பாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பதிலுக்காக உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தூங்காமல் காத்திருக்கிறாள். உங்கள் மகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவளால் உங்கள் குடும்பத்துக்கு எந்தத் தீங்கும் வரவில்லை. இன்றைக்கே அவளை அருகில் உட்காரவைத்து, இதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வேதத்திலுள்ள காரணங்களைக் கீழே எழுதுகிறேன். அவற்றை நீங்கள் முழுதும் படித்து முடிக்கும்வரை அவளைக் காக்க வைக்க வேண்டாம்.

அடுத்ததாக, உங்கள் கடிதத்தின் நடுவில் நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளை உங்களுக்கே திருப்பிக் காட்ட விரும்புகிறேன். கடை இருக்கும் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப்போட்டு, இரண்டு மாதமாக இருசக்கர வாகனம்கூட நுழைய முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் பழைய அறையில் கழிப்பறை உள்ளேயே இருந்தது என்றும், பின்பக்க அறையிலிருந்து போவதற்கு முற்றத்தைக் கடந்து இரண்டு படி இறங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புவார்கள். பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். அவர் இருட்டில், பழக்கமில்லாத படியில், ஈரமான தளத்தில் விழுந்திருக்கிறார். ஆகவே இந்த இரண்டு துன்பங்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் இருக்கின்றன. இரண்டாவது காரணத்தை உங்கள் கையாலேயே நீக்கிவிடலாம். இதை உங்களைக் குற்றப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. பரிசுத்தத்தைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் நீங்கள் அவரை இடம் மாற்றினீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் தேவனுடைய கோபத்தைத் தேடி அலையும் கண்ணுக்கு முற்றத்தில் நிற்கும் தண்ணீர் தெரிவதில்லை.

ஊசாவின் சாவு எதைப் பற்றியது?

ஊசாவின் வரலாறு உண்மையிலேயே நடுங்கவைப்பதுதான். அதை நான் இலகுவாக்கப் போவதில்லை. 2 சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தில், தாவீது 30,000 பேரைத் திரட்டி, அபினதாபின் வீட்டிலிருந்து பெட்டியை ஒரு புது இரதத்தில் ஏற்றிக் கொண்டுவருகிறான். நாகோனின் களத்துக்கு வந்தபோது மாடுகள் மிரள, பெட்டி அசைய, ஊசா கையை நீட்டி அதைப் பிடிக்கிறான், அங்கேயே சாகிறான். விழப்போகிற பொருளைத் தாங்கிப் பிடித்தவனுக்கு இப்படியா என்று நாமும் கேட்கிறோம். தாவீதே அன்று மனம் நொந்தான், பயந்தான்.

ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி முன்பே கொடுக்கப்பட்டிருந்த கட்டளைகளோடு சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டும். யாத்திராகமம் 25-ல், பெட்டியின் வளையங்களில் போட்ட தண்டுகளை ஒருபோதும் கழற்றக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. யாருடைய கையும் பெட்டியில் படாமல் தூக்குவதற்காகவே அந்தத் தண்டுகள். எண்ணாகமம் 7-ல் ஆராதனைப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியரில் மற்றவர்களுக்கு வண்டிகளும் மாடுகளும் கொடுக்கப்பட்டபோது, அவர்களில் ஒரு பிரிவான கோகாத்தின் புத்திரருக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. பரிசுத்த பொருள்களை அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும். புது இரதத்தில் ஏற்றி அனுப்புவது, 1 சாமுவேல் 6-ல் இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் தங்கள் பூசாரிகளையும் குறிசொல்லுகிறவர்களையும் கேட்டுச் செய்த முறை. இஸ்ரவேலின் ராஜா வேதத்திலிருந்த முறையை விட்டுப் பெலிஸ்தரின் முறையைக் கைக்கொண்டான். பிற்பாடு 1 நாளாகமம் 15-ல் தாவீது, நியமத்தின்படி நாம் தேவனைத் தேடாமற்போனதால் இந்த அடி விழுந்தது என்று ஆசாரியர்களிடமும் லேவியரிடமும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறான். பொறுப்பை அவன் தலைவர்கள் மேலும் தன்மேலும் எடுத்துக்கொண்டான். வீட்டிலிருந்த சிறு பிள்ளை ஒன்றைத் தேடிப்பிடித்து அதன்மேல் பழியைப் போடவில்லை. உங்கள் வீட்டில் விசாரணை நடத்திய அந்த அம்மா, ஊசாவின் வரலாற்றிலேயே இருக்கும் இந்த முக்கியமான இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

என் சொந்தக் கருத்து ஒன்றும் உண்டு. பெட்டி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இருந்த வீட்டைச் சேர்ந்தவன் ஊசா. நாள்தோறும் பார்த்துப் பழகிய ஒன்றை, நான் தாங்காவிட்டால் இது விழுந்துவிடும் என்று நினைக்கும் இடத்துக்கு மனிதன் வந்துவிடுகிறான். தேவன் நம் கையில் இருக்கிறார், நாம் செய்வதைச் செய்தால் அவர் நிற்பார், தவறினால் கவிழ்வார் என்ற எண்ணம் அது. பயபக்தி என்று வேதம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. அப்படிப் பார்த்தால், "இந்த விதிகளைக் கடைப்பிடித்தால் மூன்று மாதத்தில் கடன் தீரும்" என்ற போதனைதான் ஊசாவின் நீட்டிய கைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வேதாகமம் உடன்படிக்கைப் பெட்டி அல்ல

பெட்டியைத் தொடக் கூடாது என்ற கட்டளை அந்த ஒரு பெட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அச்சிட்ட வேதாகமத்துக்கு அது பொருந்தாது. தேவனுடைய வார்த்தையைப் பற்றி உபாகமம் 6 சொல்வதே வேறு: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் அவற்றைப் பேசு, பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி, வாசல் நிலைகளில் எழுது. கையில் எடுத்துப் புழங்குவதற்காகவே கொடுக்கப்பட்ட வார்த்தை அது. வீட்டுப்பாடம் எழுதும் மேசையில் அது கிடந்தால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. தீமோத்தேயு சிறு வயதுமுதல் வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் என்று பவுல் எழுதுகிறார். அவனுடைய விசுவாசத்துக்கு முன்னோடிகளாக அவர் பெயர் சொல்வது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். பெட்டியைப் பற்றி எரேமியா 3-ல் ஒரு வியப்பான வாக்கு இருக்கிறது: வரும் நாட்களில் கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள், அது அவர்கள் மனதில் எழும்பவும் செய்யாது.

மாதவிடாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளைக் காயப்படுத்தியது அந்தச் சொல்தான். லேவியராகமம் 15 பெண்களின் உதிர ஊறலைப் பற்றிச் சொல்வதுபோலவே, ஆண்களின் உடற்கழிவுகளைப் பற்றியும் சொல்கிறது. இரண்டுமே ஆசரிப்புக் கூடார ஆராதனையோடு தொடர்புடைய தீட்டு விதிகள். வழக்கமான மாதவிடாய்க்குப் பாவநிவாரண பலிகூட அங்கே கேட்கப்படவில்லை. நாட்கள் கழிந்தால் தீட்டும் கழியும். வேதத்தை வாசிக்கக் கூடாது என்று அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை. புதிய ஏற்பாட்டில், மாற்கு 5-ஆம் அதிகாரத்தை உங்கள் மகளோடு சேர்ந்து வாசியுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ, கூட்டத்துக்குள் பின்னாக வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அகப்பட்டுக்கொண்டோம் என்று பயந்து நடுங்கி வந்து அவர் காலில் விழுகிறாள். "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார் அவர். உதிரப்போக்கு இருந்த நிலையில் தம்மைத் தொட்டவளை ஆண்டவர் மகளே என்று அழைத்திருக்க, துணி எடுத்து வேதாகமத்தைத் துடைத்த பிள்ளையை நாம் ஊசா என்று அழைப்பது எப்படி நியாயம்?

மூன்று மாதக் கணக்கு

இனி ஓபேத்ஏதோமுக்கு வருவோம். கர்த்தருடைய பெட்டி அவன் வீட்டில் மூன்று மாதம் இருந்தது, கர்த்தர் அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்தார் என்பது 2 சாமுவேல் 6:11. இந்த மூன்று மாதம் தேவன் குறித்த தவணை என்று அங்கே சொல்லப்படவில்லை. தாவீது பயந்துபோய்ப் பெட்டியைத் தன்னிடத்துக்குக் கொண்டுவர மனதில்லாமல் வழியிலிருந்த ஒரு வீட்டில் வைத்தான். அந்த வீடு ஆசீர்வதிக்கப்பட்ட செய்தி கேட்டுத் துணிவு வந்தபோது எடுத்துப் போனான். அதற்கு ஆன காலம் மூன்று மாதம், அவ்வளவுதான்.

அதே பெட்டி வேறு இடங்களில் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 சாமுவேல் 4-ல், பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தால் அது நம்மை இரட்சிக்கும் என்று மூப்பர்கள் கணக்குப் போட்டார்கள். இஸ்ரவேலில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. பெலிஸ்தரின் நாட்டில் அது ஏழு மாதம் இருந்தது. அஸ்தோத்திலும் காத்திலும் எக்ரோனிலும் மக்கள் வாதையால் கதறினார்கள். பிறகு கீரியாத்யாரீமில் அபினதாபின் வீட்டுக்கு வந்தது. இருபது வருஷம் சென்றது என்று 1 சாமுவேல் 7 கணக்குச் சொல்கிறது, ஆனால் அந்த வீடு செழித்தது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெட்டி இருப்பதாலேயே ஆசீர்வாதம் தானாக வரும் என்பது விதியானால், இந்த இடங்கள் எல்லாம் அந்த விதியைப் பொய்யாக்குகின்றன. ஓபேத்ஏதோம் கித்தியன் என்று அழைக்கப்படுகிறான். அவன் பெலிஸ்தரின் காத் ஊரானா, அல்லது லேவியருக்குக் கொடுக்கப்பட்ட காத்ரிம்மோன் ஊரானா என்பதில் வேத அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முதலாவது சரியென்றால், பெட்டியின் நிமித்தம் வாதைப்பட்ட ஊரைச் சேர்ந்த ஒருவனையே அதே பெட்டியின் நிமித்தம் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் அது அவருடைய இரக்கம்.

அவன் என்னென்ன ஒழுங்குகளைக் கடைப்பிடித்தான் என்றும் வேதம் சொல்லவில்லை. அறையை ஒதுக்கினான், விளக்கேற்றினான், இத்தனை மணி நேரம் ஜெபித்தான் என்பதெல்லாம் பிரசங்கிகள் சேர்த்துக்கொண்டவை. யூத ரபிகளின் மரபில் ஓர் அழகான விளக்கம் உண்டு: அவன் பெட்டியின் முன்னே பெருக்கித் தண்ணீர் தெளித்தான், அதற்காகவே ஆசீர்வதிக்கப்பட்டான் என்று தல்மூது சொல்கிறது. அது வேதவாக்கியம் அல்ல. இருந்தாலும், நீங்கள் தினமும் விடியற்காலையில் வாசலில் செய்கிற அதே வேலையை அவர்கள் பயபக்தியின் அடையாளமாகக் கண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கூட்டத்தை நிறுத்தினால் ஆசீர்வாதம் போய்விடுமா?

இந்தப் பயத்துக்கான பதில் ஓபேத்ஏதோமின் வரலாற்றிலேயே இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பெட்டி அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதோடு ஆசீர்வாதமும் போனதாக எங்கேயும் இல்லை. 1 நாளாகமம் 15-ல் ஓபேத்ஏதோம் பெட்டிக்கு வாசல் காவலனாக நிற்கிறான். 26-ஆம் அதிகாரத்தில் அவனுடைய எட்டுக் குமாரரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, தேவன் அவனை ஆசீர்வதித்திருந்தார் என்று முடித்து, அவன் சந்ததியில் ஊழியத்துக்குத் திறமையுள்ளவர்கள் 62 பேர் என்று கணக்குக் கொடுக்கப்படுகிறது. தென்வாசல் காவல் சீட்டுப்போட்டதில் அவனுக்கு விழுகிறது. நாளாகமத்தில் வருபவன் அதே ஓபேத்ஏதோம்தானா என்று ஐயப்படும் அறிஞர்கள் உண்டு. ஆனால் ஆசீர்வாதத்தைப் பற்றிய அந்தக் குறிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருப்பதாகத்தான் நான் வாசிக்கிறேன்.

அவனுடைய ஆசீர்வாதம் எப்படிப்பட்டது என்பதையும் கவனியுங்கள். கடன் தீர்ந்தது, களஞ்சியம் நிறைந்தது என்று சாமுவேலின் புத்தகம் சொல்லவில்லை. அவன் ஏழ்மையிலிருந்து செல்வனானான் என்பது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிய விளக்கம். அவனுக்கு உண்டான எல்லாவற்றையும் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 1 நாளாகமம் 13 பொதுவாகச் சொல்கிறது, அதில் பொருளும் அடங்கும்தான். ஆனால் வேதம் எண்ணிக் காட்டுவது பிள்ளைகளையும், அவர்கள் ஆலய வாசலில் நின்று செய்த ஊழியத்தையும்தான். நீங்கள் வீட்டைத் திறந்து கொடுத்ததன் பலனைக் கடைக் கணக்கில் மட்டும் தேடியதால், அந்த வேதாகமத்தைத் துடைக்கப் போன பிள்ளை தானாகவே அதைத் திறந்து வாசித்தாள் என்ற செய்தி உங்கள் கடிதத்தில் குற்றமாக வந்திருக்கிறது. பதினான்கு வயதில் ஒருவரும் சொல்லாமல் வேதத்தை எடுத்து வாசிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டை நான் ஆசீர்வதிக்கப்பட்ட வீடு என்றுதான் எழுதியிருப்பேன்.

தேவனுக்கு இடங்கொடுத்த வீடுகளிலும் துக்கம் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சாறிபாத்தின் விதவை எலியாவைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்தாள். பானையில் மா குறையவில்லை, கலசத்தில் எண்ணெய் வற்றவில்லை. ஆனாலும் அவள் மகன் வியாதிப்பட்டு இறந்தான். உடனே அவள், என் அக்கிரமத்தை நினைக்கப்பண்ணவா என்னிடத்தில் வந்தீர் என்று தீர்க்கதரிசியைக் கேட்டாள். நீங்கள் இப்போது கேட்பது அதே கேள்விதான். எலியா அவளுடைய பழைய பாவங்களை விசாரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய் ஜெபித்தான். சூனேம் ஊராளும் எலிசாவுக்காக ஓர் அறையைக் கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் குத்துவிளக்கும் வைத்தாள். அவளும் பிள்ளையை இழந்து திரும்பப் பெற்றாள், பிற்பாடு ஏழு வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது. இவர்கள் வீட்டில் பயபக்தி குறைவாயிருந்தது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே கூட்டத்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது. இரண்டிலும் சாபம் இல்லை. ஆதி சபை ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டிலும், பிலேமோன் வீட்டிலும் கூடியது. வீட்டுக் கூட்டம் நல்ல வழக்கம். உங்கள் வீட்டில் அமைதியாகக் கூடி ஜெபிக்க அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தரும் சுதந்தரமும் உங்களுக்கு உண்டு. ஒலிபெருக்கியால் மாடி வீட்டாருக்குத் தொந்தரவு என்று எழுதியிருக்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அதற்கு எழுத்துமூல அனுமதி வேண்டும், மேலும் இருபது பேர் இருக்கும் அறைக்கு அது தேவையுமில்லை. அதை உடனே நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கூட்டத்தைச் சில வாரம் நிறுத்தி வைக்கச் சொல்வேன். அந்த இடைவெளியில் மாமாவின் கட்டிலை முன்னறையிலேயே திரும்பப் போடுங்கள். இடுப்பு அடியை எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று உறுதிசெய்யுங்கள். கணவரோடு கலந்து பேசுங்கள். அவர் முதலில் ஒப்புக்கொண்டு, இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வராமல் இருப்பது அவிசுவாசத்தால் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. தன் தகப்பன் பின்பக்க அறையில் படுத்திருப்பதைப் பார்க்க அவருக்கு மனம் வராமல் இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன், அவரிடமே கேளுங்கள். பிறகு கூட்டம் வேண்டும் என்று எல்லோரும் விரும்பினால், மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்க, மகள் வேதபாகம் வாசிக்க, மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் நடக்கட்டும். இதற்குச் சம்மதியாமல், அறையைக் காலிசெய்தால்தான் வருவோம் என்பவர்கள் வேறு வீட்டில் கூடிக்கொள்ளட்டும்.

காணிக்கையும் நகையும்

கொடுக்க வேண்டாம். ஓபேத்ஏதோம் ஒரு காசு கொடுத்தான் என்று எங்கேயும் இல்லை. வேதத்தில் பணம் கொடுத்து வீட்டில் ஆசீர்வாதத்தை ஏற்பாடு செய்தவன் ஒருவன் உண்டு. அவன் நியாயாதிபதிகள் 17-ல் வரும் மீகா. வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசும் வஸ்திரமும் ஆகாரமும் பேசி ஒரு லேவியனை வைத்துக்கொண்டு, இனிக் கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்று நிச்சயித்தான். அடுத்த அதிகாரத்தில் தாண் கோத்திரத்தார் வந்து அவன் வைத்திருந்த விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு, அந்த லேவியனையும் அழைத்துக்கொண்டு போனார்கள். கொடுத்தலைப் பற்றிய சபையின் விதி 2 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. பயத்தினால் கொடுப்பது கட்டாயத்தினால் கொடுப்பதே. சட்டப்படி உங்கள் நகை உங்கள் சொத்து, அதில் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனாலும் கடன் நெருக்கடியில் இருக்கும் வீட்டில் கணவருக்குத் தெரியாமல் இன்னொரு வட்டியை ஏற்றினால், தவணை தவறும் நாளில் நகை ஏலத்துக்குப் போகும், உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கையும் அதோடு போகும். ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று தயங்க வேண்டாம். மிரட்டலில் பிறந்த அந்த வாக்கை, இயலாது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுங்கள். காரணம் கேட்டால் விளக்கம் தர நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

மகளுக்காகச் செய்ய வேண்டியது

அந்த மூத்த பெண்மணி சொன்னது தவறு என்று மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெரியவர்களைக் குறைசொல்லக் கூடாது என்ற மரியாதைக்காக மழுப்ப வேண்டாம். முடியுமானால் அவரையும் அழைத்து, இனி என் பிள்ளையிடம் இப்படிப் பேச வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். வெல்வெட் துணியை மடித்து எடுத்து வைத்துவிட்டு, வேதாகமத்தை எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். வாசி என்று அவளை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் வாசிக்கும்போது அவள் பக்கத்தில் இருந்தால் போதும். மாதவிடாய் நாட்களில் நீங்களே வேதாகமத்தை எடுத்து வாசிப்பதை அவள் பார்க்கட்டும், அது நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லையும்விட அவளுக்குத் தைரியம் தரும்.

தோல் உரியும்வரை கைகழுவுகிறாள் என்று எழுதியிருப்பதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பயம் மனதில் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த, சிகிச்சையால் குணமாகக்கூடிய பிரச்சினை. பக்தியுள்ள குடும்பப் பிள்ளைகளிடம் அது பாவ பயத்தின் வடிவத்திலும் வரும். நீங்கள் ஆறுதல் சொல்லியும் மூன்று நான்கு வாரத்தில் அது குறையாவிட்டாலோ, தூக்கமும் படிப்பும் கெட்டாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்பது போன்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். போகும்போது கணவரும் உடன் வரட்டும், அவள் தூக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு அவரிடமும் பதில் இருக்கும்.